பக்க எண் கீழே நடுவில்

அக்டோபர் 7, செவ்வாய்

பூமயில் அக்காவின் வழக்குக் கட்டு மூன்றாவது முறையாகக் கோர்ட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டது. ஆறுமுகநயினார் மாமா அதை மேசைமேல் போட்ட சத்தத்திலேயே விஷயம் தெரிந்தது. அம்மா வக்கீல், அவர் அம்மாவின் குமாஸ்தா. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கட்டுகளைத் தாக்கல் செய்கிறவர். மூன்று முறை திரும்பியது அவருக்கு வாழ்நாள் அவமானம்.

"என்ன எழுதியிருக்காங்க?" என்று அம்மா கேட்டாள். அவள் அதைக் கையில் எடுக்கவில்லை. நான் வாசித்தேன்.

"பக்க எண்கள் இல்லை. ஆவணங்கள் ஒரே அளவில் இல்லை. பழைய பத்திரம் வாசிக்கும்படி இல்லை, தட்டச்சுப் படி இணைக்கவும். கணினிக் கோப்பில் சொற்களைத் தேட இயலவில்லை. சுற்றறிக்கைப்படி சரிசெய்து மீண்டும் தாக்கல் செய்க."

ஆகஸ்டிலிருந்து ஒரு புதுச் சுற்றறிக்கை அமலில் இருக்கிறது. சான்றாவணங்களை இனி எல்லா வக்கீல்களும் ஒரே மாதிரிதான் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு ஆபீசுக்கும் ஒரு வழக்கம். மாமாவின் வழக்கம், முக்கியமான பத்திரத்தை மேலே வைத்து, மீதியைக் கைக்கு வந்த வரிசையில் அடுக்கி, பச்சை டேக் போட்டு இறுக்கிக் கட்டுவது.

"இத்தன வருசமா நான் கட்டுன கட்டு எந்த ஜட்ஜுக்காவது அவுந்திருக்கா பாப்பா?" என்று என்னிடம் கேட்டார்.

"அவுக்கவே முடியாதுன்னுதான மாமா திருப்பி அனுப்புதாங்க" என்றேன். அம்மா சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

பூமயில் அக்கா வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வீட்டிலேயே இட்லிக் கடை. தெருவிலிருந்து அந்த வீட்டுக்குப் போக ஒரே ஒரு முடுக்குதான். அது தனக்கு மட்டும் சொந்தம் என்று அவருடைய கொழுந்தனார் குறுக்கே சுவர் கட்டப்போகிறார். செங்கல் இறங்கிவிட்டது. வழக்குக்கு நம்பர் விழுந்தால்தான் தடை கேட்க முடியும்.

"நம்பர் விழுறதுக்குள்ள சுவரு எந்திச்சிரும் வக்கீலம்மா. பொறவு நான் என் வீட்டுக்கு ஏணி வச்சுத்தான் எறங்கணும்" என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அந்தச் சுற்றறிக்கையை முழுவதும் படித்துவிட்டேன். எனக்குப் பிடித்திருந்தது. அதில் ஒரு சொல்கூட வீணாக இல்லை. "பக்க எண் கீழே நடுவில் இருத்தல் வேண்டும்." யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். இப்போதெல்லாம் எல்லாவற்றையும் என்னைத்தான் படிக்கச் சொல்கிறாள். வக்கீல் மகளுக்கு இந்தத் தமிழ் பழக வேண்டுமாம்.

அக்டோபர் 9, வியாழன்

கட்டை நான் சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா யோசித்தாள். "பிளஸ் ஒன் பாடம்?" என்றாள். காலையில் படிக்கிறேன், சாயங்காலம் இது என்றேன்.

மாமா கட்டிய டேக்கை அவிழ்க்க முடியவில்லை. கத்தரித்துவிட்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மளிகைக் கடையில் எங்கள் தலைமை ஆசிரியை எதிரே நின்று சிரித்தார்கள். அம்மா அவர்களைத் தாண்டிப் போய்விட்டாள். "சுகிர்தா மேடம்" என்று அவர்கள் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பி, "அடடா, டீச்சரா" என்றாள். கேஸ் நினைப்பில் இருந்தாளாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆலயத்திலிருந்து வந்ததும் அப்பா மஸ்கட்டிலிருந்து போன் செய்தார். கண்ணாடியைப் பற்றிக் கேட்டார் போலிருக்கிறது. "மாத்தியாச்சு, இப்ப பளிச்சுன்னு தெரியுது" என்றாள் அம்மா.

அதே பழைய கண்ணாடிதான்.

மின்கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே அளவுத் தாளில் எடுத்துத் தேதி வரிசையில் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முகப்புத் தாள். வா.சா.ஆ. 1, வா.சா.ஆ. 2 என்று போட்டேன். வாதி தரப்புச் சான்றாவணம் என்பதன் சுருக்கம். சத்தமாகச் சொன்னால் யாரையோ வா என்று கூப்பிடுவது போலிருக்கிறது.

அக்டோபர் 18, சனி

இன்று முழுக்கப் பாகப்பிரிவினைப் பத்திரம். பூமயில் அக்காவின் மாமனார் காலத்தில் கையால் எழுதியது. வழக்கே இதில்தான் இருக்கிறது. எழுத்து புழுவாக நெளிகிறது. ஒரு பக்கம் தட்டச்சு செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. "மேற்படி" என்பதற்கு ௸ என்று ஒரு குறி போட்டிருக்கிறார்கள். அதைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பள்ளியில் யாரிடமும் சொல்ல முடியாது.

முதலில் பாத்திரங்களைப் பங்கு வைத்திருக்கிறார்கள். பித்தளை அண்டா ஒன்று, ஆட்டுரல் ஒன்று, சருவச்சட்டி இரண்டு. அதற்கப்புறம்தான் வீடு. அம்மா பின்னாலேயே நடந்துகொண்டு கேட்டாள். முடுக்கைப் பற்றிய இடம் வந்ததும் நின்றுவிட்டாள். பத்திரத்தில் அதன் பெயர் நடை.

"௸ வீடுகளுக்கு மத்தியில் தென்வடலாக உள்ள ஐந்தடி அகல நடையை இரு பாகஸ்தர்களும் பொதுவில் அனுபவித்து வர வேண்டியது."

"இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன். மூன்றாம் தடவை நான் வாயைத் திறப்பதற்குள் அவளே எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. தட்டச்சு இரண்டு பக்கம்.

அக்டோபர் 25, சனி

அம்மாவோடு திருநெல்வேலிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் வெளியே உட்கார்ந்து ஒரு நாவலின் பாதியைப் படித்தேன். "மகளும் உள்ள வரட்டும்" என்று டாக்டர் கூப்பிட்டார்.

அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

உயிரியல் புத்தகத்தில் விழித்திரையின் படம் இருக்கிறது. நடுவில் மஞ்சள் புள்ளி என்று ஓர் இடம். நாம் படிப்பது, முகம் பார்ப்பது எல்லாம் அந்த ஒரு புள்ளியால்தானாம். போன வாரம்தான் அந்தப் படத்தை வரைந்து பத்துக்குப் பத்து வாங்கினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நடக்கக் கொள்ள முடியும். ஓரமெல்லாம் தெரியுது. நேரா பாக்குற இடத்துலதான் ஒண்ணும் இல்ல."

"எப்பலேர்ந்தும்மா?"

"போன வருசம் வண்டிய வித்தேம்லா. அப்பலேர்ந்து."

நடந்தால் சர்க்கரை வராது என்று சொல்லித்தான் வண்டியை விற்றாள். நான் நம்பினேன்.

"பெனிட்டா, இது யாருக்கும் தெரியக் கூடாது. உங்க அப்பாவுக்கும் நானே சொல்லிக்கிடுதேன். படிக்க முடியாத வக்கீல்ட்ட எந்தக் கட்சிக்காரன் கட்டக் குடுப்பான்? எனக்கு வேற வேலை தெரியாது. செய்யவும் இஷ்டமில்ல."

யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். நான் இருக்கும் வரை தெரியாது.

நவம்பர் 1, சனி

திட்டம் தயார். அம்மா கோர்ட்டில் தாளைப் பார்க்க வேண்டியதில்லை. எந்த ஆவணம் எந்தப் பக்கம் என்று மனப்பாடமாகத் தெரிந்தால் போதும். முன்பு மாமா கட்டிய கட்டில் இது நடக்காது. அதில் பக்கமே கிடையாது, "அந்த மஞ்சத்தாளுக்கு அடுத்த தாளு" என்றுதான் சொல்ல முடியும். இப்போது ஒவ்வொரு தாளுக்கும் கீழே நடுவில் ஓர் எண். கட்டின் முன்னால் இருக்கும் ஆவண அட்டவணைக்கு மட்டும் போடவில்லை.

நான் கேட்பேன், அவள் சொல்வாள்.

"பொது நடை?"

"பதினொண்ணாம் பக்கம், கடைசிப் பத்தி."

"வீட்டு வரி?"

"பதினஞ்சு."

"கொழுந்தனார் செங்கல் இறக்கின போட்டோ?"

"இருபத்தி ரெண்டு. செங்கல் மேல ஒரு ஆடு நிக்கி."

"ஆடு தேவையில்லம்மா."

"ஜட்ஜுக்கு ஆடுதான் ஞாபகம் இருக்கும். நீ அடுத்ததக் கேளு."

நவம்பர் 7, வெள்ளி

நம்பர் விழுந்துவிட்டது. மாமா தேங்காய் பன் வாங்கி வந்தார். "கவுன்ட்டர்ல ஒரு சின்னத் திருத்தம் சொன்னாங்க. எதிர்த்தாப்புல பிரௌசிங் சென்டர்லயே முடிச்சுக் குடுத்திட்டேன்" என்றார். அவர் வாயாலேயே, "எடுப்பாத்தான் இருக்கு கட்டு" என்றும் சொன்னார். அதை இங்கே பதிவு செய்கிறேன்.

தடை மனு விசாரணை 24ஆம் தேதி. அதுவரை சுவர் எழுப்ப மாட்டோம் என்று எதிர்த்தரப்பு வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது. பூமயில் அக்கா, "அவன் வாய்மொழி என் கடைச் சட்னி மாதிரி, சாயங்காலம் வரைக்கும் தாங்காது" என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

எதிர்த்தரப்பு வக்கீல் கோமதிநாயகம் சாரின் ஆவணங்கள் வந்தன. அவர் ஊரில் பெரிய வக்கீல். அவருடைய கட்டைக் கவுன்ட்டரில் திருப்பி அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டேன். மாமா மேலே கையைக் காட்டினார். கடவுளையா, மாடியில் இருக்கும் வக்கீல் சங்க ஆபீசையா என்று தெரியவில்லை.

நகல்கள் கறுத்துப் போயிருக்கின்றன. ஒன்றில் ஜெராக்ஸ் எடுத்தவரின் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. பக்க எண் இல்லை, தட்டச்சுப் படி இல்லை. ஒரு பத்திரத்தில் இரண்டு வரிதான் என்னால் படிக்க முடிந்தது. மீதியை ஊகித்துப் படித்தேன்.

அம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இல்லாதத படிக்காத. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

"தெரியல" என்றேன். இந்த வேலையில் நான் அப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 24, திங்கள்

நேற்றிலிருந்து விடாத மழை. காலையில் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தார். கோர்ட்டுக்கு விடுமுறை இல்லை. அம்மாவோடு நானும் போனேன். கடைசி பெஞ்சில் மாமாவுக்கும் பூமயில் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். எல்லோருடைய குடையிலிருந்தும் தண்ணீர் ஓடித் தரை குளமாக இருந்தது. நீதிபதி ஒரு பெண், சின்ன வயது. யார் பேசினாலும் நிமிர்ந்து பார்க்கிறவர்.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். அம்மா எழுந்தாள். கையில் கட்டைத் திறந்து வைத்திருந்தாள், வெறும் தோற்றத்துக்காக.

"யுவர் ஆனர், வாதி தரப்புச் சான்றாவணம் ஒன்று. பதினோராம் பக்கம், கடைசிப் பத்தி. பொது நடையைப் பற்றி அதில் தெளிவாக இருக்கிறது."

நீதிபதி புரட்டினார். குனிந்து படித்தார்.

"பித்தளை அண்டா ஒன்று, ஆட்டுரல் ஒன்று. இதுவா?"

அம்மா, "பதினோராம் பக்கம், யுவர் ஆனர்" என்று மறுபடியும் சொன்னாள். நீதிபதியும் மறுபடியும் பார்த்தார்.

கோமதிநாயகம் சார் எழுந்தார். "அண்டாவுக்குள்ள கூடிப் பாதை போகுது போல, யுவர் ஆனர்" என்றார். பின்னால் இருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். "அட்வகேட் மேடம் கையிலதான கட்டு இருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லலாம்லா."

நான் மாமாவைப் பார்த்தேன். "அட்டவணைக்கும் நம்பர் போடணும்னு சொன்னாங்க பாப்பா" என்று காதருகில் முனகினார். "அட்டவணை ரெண்டு பக்கம். எல்லாம் ரெண்டு தள்ளிப்போச்சு. நம்பர்தானன்னு நான் சொல்லல." அவர் திருத்தியது கோர்ட்டுக்குக் கொடுத்த படியை மட்டும். எங்கள் ஆபீஸ் படியில் பழைய எண்கள் அப்படியே இருந்தன. அம்மா மனப்பாடம் செய்தது அந்தப் பழைய எண்களை.

எழுந்து கத்தப்போனேன். மாமா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "கோர்ட்டு இது" என்றார்.

"மேடம், நீங்களே பார்த்து எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்" என்றார் நீதிபதி. கடுமையாகச் சொல்லவில்லை.

அம்மா கட்டைப் பார்த்தாள். பக்கவாட்டில் தலையைச் சாய்த்தாள். அப்புறம் அதை மூடி மேசைமேல் வைத்தாள்.

"என்னால் பார்க்க முடியாது, யுவர் ஆனர்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்கு விழித்திரையில் கோளாறு. ஒரு வருடமாக எழுத்தைப் படிக்க முடிவதில்லை. என் தரப்பு ஆவணங்கள் எனக்கு மனப்பாடம். எண்கள்தான் எங்கோ நகர்ந்திருக்கின்றன. தங்கள் கையில் இருக்கும் கட்டில் அட்டவணைக்கு எண் இருக்கிறதா?"

"இருக்கிறது. ஒன்று, இரண்டு."

"அப்படியானால் நான் சொல்லும் எண்ணோடு இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். பதிமூன்றாம் பக்கம், கடைசிப் பத்தி."

நீதிபதி புரட்டினார். அவர் படிக்கத் தொடங்குவதற்குள் அம்மா சொல்லத் தொடங்கிவிட்டாள். மேற்படி வீடுகளுக்கு மத்தியில் தென்வடலாக உள்ள ஐந்தடி அகல நடையை. நீதிபதியின் விரல் வரியோடு நகர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு சொல் மாறவில்லை. பிறகு பதினேழு, வீட்டு வரி. இருபத்து நான்கு, செங்கல். "ஆடு நிற்கிற படம்" என்றாள் அம்மா. நீதிபதி முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

கோமதிநாயகம் சார் தன்னுடைய பத்திரத்தைக் காட்டிப் பேசத் தொடங்கியதும் அம்மா குறுக்கிட்டாள்.

"அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது, யுவர் ஆனர். அது சுற்றறிக்கைப்படி இல்லை. தட்டச்சுப் படியும் தேடக்கூடிய கணினிக் கோப்பும் கொடுத்தால் கம்ப்யூட்டர் எனக்கு அதை வாசித்துவிடும், நான் கேட்டுக்கொள்வேன். கொடுக்கவில்லையென்றால் எனக்கு அது வெறும் கறுப்புத் தாள்."

"கண்ணு தெரியுறவங்களுக்கும் அது கறுப்புத் தாள்தான், மேடம்" என்றார் நீதிபதி, அந்த நகலை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு.

ஒரு வாரத்துக்குள் எதிர்த்தரப்பு எல்லா ஆவணங்களையும் சுற்றறிக்கைப்படி மீண்டும் தாக்கல் செய்ய வேண்டும். அடுத்த வாய்தா டிசம்பர் 8. அதுவரை முடுக்கில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. இது வாய்மொழி இல்லை, உத்தரவு.

கம்ப்யூட்டர் வாசிக்கும் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லையே. ஆட்டோவில் கேட்டேன். "நீ பள்ளிக்கூடம் போன பொறவு எனக்கு என்ன வேல? போன்ல பழகிக்கிட்டேன்" என்றாள்.

"அப்ப ஏன் என்னைப் படிக்கச் சொன்ன?"

"நீ ஆசையாப் படிச்ச. அதான்."

நான் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 26, புதன்

ஊருக்கே தெரிந்துவிட்டது. இரண்டு கட்சிக்காரர்கள் வந்து கட்டைத் திருப்பிக் கேட்டார்கள். ஒருவர் அம்மா முகத்தைப் பார்க்காமல், "மருமகன் மெட்ராஸ்ல ஒரு வக்கீல் பாத்திருக்கான்" என்றார். அம்மா தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். அலமாரியில் எந்தக் கட்டு எங்கே என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

பூமயில் அக்காவிடமும் கேட்டாள், வேறு வக்கீல் வைத்துக்கொள்கிறீர்களா என்று.

"கண்ணு நல்லாத் தெரிஞ்ச வக்கீல்மாரு மூணு பேருட்ட போயிட்டுத்தான் வக்கீலம்மா இங்க வந்தேன்" என்றார் அவர். "ஒருத்தரும் என் பத்திரத்த விரிச்சுக்கூடப் பாக்கல."

மாமா இரண்டு நாளாக அம்மா எதிரில் உட்காரவில்லை. இன்று அம்மாவே கூப்பிட்டு, இனி ஒரு தாளில் ஒரு எண் மாறினாலும் அன்றைக்கே தனக்குச் சொல்ல வேண்டும் என்றாள். "எழுதிக் குடுத்திரட்டா மேடம்?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாயால சொன்னாப் போதும்" என்றாள் அம்மா.

இரவு அப்பாவுக்கு அம்மாவே போன் செய்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

கோமதிநாயகம் சாரின் ஆவணங்கள் வந்துவிட்டன. ஒரே அளவு, தேதி வரிசை, முகப்புத் தாள், தட்டச்சுப் படி, எண் கீழே நடுவில். கணினிக் கோப்பும் வந்தது. பள்ளியிலிருந்து வந்ததும், குறை கண்டுபிடிக்கலாம் என்று முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். ஒன்றும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, படிப்பதற்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"உனக்கு வேதியியல் பரீட்சை எப்ப?" என்றாள் அம்மா.

"புதன்கிழமை."

"போ. போயிப் படி."

"நான் படிச்சா சீக்கிரம் முடியும்மா. மெஷின் தப்புத் தப்பா உச்சரிக்கும்."

"தப்பா உச்சரிச்சா எனக்குப் புரியாதா? இருபது வருசமா சாட்சி சொல்லுததக் கேட்டிருக்கேன்." சிரித்தாள். பிறகு, "கோர்ட்டுல நீ என் பக்கத்துல நிக்க முடியாது பெனி. நான் பழகணும்" என்றாள்.

இப்போது என் அறையில் இருக்கிறேன். கதவு திறந்திருக்கிறது. இயந்திரத்தின் குரல் கோமதிநாயகம் சாரின் பத்திரத்தை வாசிக்கிறது. பாகஸ்தர் என்பதை இரண்டாக உடைத்துச் சொல்கிறது, தென்வடலை ஏதோ ஊர்ப்பெயர் போலச் சொல்கிறது. எழுந்து போய்த் திருத்தலாம் என்று பேனாவைக் கீழே வைத்தேன்.

அதற்குள் அம்மா அதை நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் தள்ளி, அதே வரியை மறுபடி ஓட விட்டாள். அப்புறம் அவள் குரல் கேட்டது, தனக்குத்தானே, எதிராளியின் பத்திரத்திலிருந்து. "ஏழாம் பக்கம், இரண்டாம் பத்தி. கிழக்கே பொது நடை. அவங்க பத்திரத்துலயே இருக்கு."

ஒரு முறை மேசையைத் தட்டினாள்.

நான் போகவில்லை. வேதியியல் புத்தகத்தைத் திறந்தேன்.